நெற்பயிரின் உள்ளே வாழும் நன்மை தரும் பாக்டீரியாக்கள்

உளுந்துச் செடியையோ பயற்றஞ்செடியையோ வேரோடு பிடுங்கிப் பார்த்தால், வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருப்பதைக் காணலாம். அம்முடிச்சுகளுக்குள் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஈட்டித் தருகின்றன என்பது குடியானவர் பலரும் அறிந்த செய்தி. நெல்லின் வேரில் அத்தகைய முடிச்சு எதுவும் இல்லை. ஆகையால் நெற்பயிருக்கு உள்ளிருந்து உதவுவார் எவரும் இல்லை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. அவ்வெண்ணம் சரியன்று என்பது கடந்த 40 ஆண்டு ஆராய்ச்சிகளால் தெளிவாகியிருக்கிறது. நோயின்றிச் செழித்து நிற்கும் நெற்பயிரின் வேர், தண்டு, இலை, விதை ஆகிய எல்லா உறுப்புகளுக்குள்ளும் பலவகைப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் பல, பயிருக்குத் தீங்கு செய்வதில்லை. சில, பயிரை வளரச் செய்வதோடு நோயிலிருந்தும் காக்கின்றன.

இதை அறிவதனால் காவேரி டெல்டாவில் நெல் பயிரிடுவோருக்கு என்ன பிரயோஜனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். முக்கியமான சங்கதி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த நண்பர்கள் பயிருக்குள் புகுவதற்கு உரிய காலம் மிகவும் குறுகியது. விதை முளைக்கும்போதும், நாற்று வேர் விடும்போதும், நாற்றைப் பறித்து நடும்போதும் வாயில் அகலத் திறந்திருக்கிறது. பிறகு அது பெரும்பாலும் சாத்தப்பட்டுவிடுகிறது. நோய் கண்ட பிறகு கடைக்கு ஓடி மருந்து வாங்கும் வழக்கம் இவற்றின் விஷயத்தில் அதிகம் பயன்படாது.

டெல்டாவும் குலை நோயும்

நெல்லின் நோய்களுள் நமது பிரதேசத்தில் பெரும் நஷ்டம் விளைவித்தது குலை நோய். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகப் பெருவாரியாகப் பரவிப் பயிரை அழித்தது தஞ்சை டெல்டாவிலேதான், ஆண்டு 1919. இலையில் கண் வடிவமான புள்ளிகளாகத் தொடங்கும் இந்நோய், கதிர் வெளிவரும் சமயத்தில் கழுத்தைப் பற்றினால் கதிர் ஒடிந்து தொங்கி, மணி பால் பிடிக்காமல் பதராகிவிடும். அதுவரை செய்த உழவு, நடவு, களையெடுப்பு எல்லாச் செலவும் அந்தப் பத்து நாளில் வீணாகும்.

அக்காலத்தில் இதற்குக் கண்ட பரிகாரம் நோய் தாங்கும் நெல் வகைகளை உண்டாக்குவது. கோயம்புத்தூரில் 1912இல் ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்தார், ஆனைக்கொம்பன் நெல்லிலிருந்து கோ 4 என்னும் வகையைப் பொறுக்கியெடுத்தனர். அது குலை நோயைத் தாங்கியது. நல்ல மகசூல் தந்தும் நோய்க்கு எளிதில் இரையாகி வந்த கொறங்குச் சம்பாவாகிய ஆடுதுறை 10ஐ அதனோடு கலந்து கோ 25 உண்டாக்கினர். இவ்வழி இன்றும் சிறந்த வழியே. ஆயினும் நோய்ப் பூசணம் தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் வன்மையுடையது. ஒரு வகை தாங்கியது என்று நம்பியிருக்கையில், சில ஆண்டுகளில் அதுவே நோய்க்கு வசப்படுவதும் உண்டு. மேலும் அரிசிக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதற்காக நோய்க்கு இளகிய வகைகளையே பலர் விரும்பிப் பயிரிடுகின்றனர். சம்பா, தாளடிப் பயிர் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் நிற்க வேண்டியிருப்பதால், குலை நோயோடு பாக்டீரியா இலைக்கருகல், இலையுறைக் கருகல், இலையுறை அழுகல் ஆகியவையும் வந்து சேர்கின்றன. இவற்றுக்கு மருந்து தெளிக்கும் செலவு குத்தகைக்குப் பயிரிடுவோருக்குப் பெரும் சுமை. அச்சுமையை ஓரளவு குறைக்கக் கூடியதாயின், விதை நேரத்தில் செய்யும் சிறு வேலைக்கு நாம் சோம்பலாகாது.

உள்ளே இருப்பதை அறிந்த விதம்

பாக்டீரியா ஒவ்வொன்றும் கண்ணுக்குப் புலப்படாத அளவுடையது. ஆயிரம் பாக்டீரியாக்களை வரிசையாக நிறுத்தினால் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் நீளமே வரும். வேரைச் சுற்றியுள்ள மண்ணில் இவை கோடிக்கணக்கில் உள்ளன. அப்படியிருக்க, உள்ளே வாழ்பவை இவை, வெளியே ஒட்டியிருப்பவை இவை என்று எப்படிப் பிரித்தறிந்தார்கள் என்ற கேள்வி எழக்கூடும். ஆராய்ச்சியாளர் வேரை நன்கு கழுவி, அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணுயிர்கள் யாவும் சாகும்படி மருந்து நீரில் நனைத்து, மீண்டும் சுத்த நீரில் அலசுகிறார்கள். அக்கடைசி நீரில் நுண்ணுயிர் எதுவும் இல்லை என்று சோதித்துக்கொண்ட பிறகு வேரை அரைத்து, நுண்ணுயிர் வளர்வதற்கான உணவில் இடுகிறார்கள். அதில் வளர்ந்து வருபவை வேரின் உள்ளேயிருந்து வந்தவையே. இவ்விதம் பார்க்கையில், ஒரு கிராம் வேரினுள் ஆயிரக்கணக்கில் தொடங்கிப் பல லட்சம் வரை இருப்பதைக் கண்டனர். குறிப்பிட்ட பாக்டீரியாவுக்கு நிறம் காட்டும் அடையாளம் ஒன்றைக் கொடுத்து, பயிரில் புகவிட்டு, வேரை நறுக்கிப் பூதக்கண்ணாடியில் வைத்து அது இருக்கும் இடத்தை நேரே காண்பதும் உண்டு.

புகும் வழிகள்

பாக்டீரியாவுக்கு வேரின் தோலைத் துளைக்கும் பல் இல்லை. அது திறந்த இடம் பார்த்தே நுழைகிறது. பக்க வேர் கிளம்பும் இடங்களில் தாய் வேரின் தோல் வெடித்து நுண்ணிய பிளவு உண்டாகிறது. அதுவே முதன்மையான வாயில். வேர் நுனியின் இளந்தோலும் நாற்றுப் பறிக்கும்போது வேர் அறுந்த வாயும் மற்ற வழிகள். உள்ளே சென்றவை உயிரணுக்களுக்கு இடையேயுள்ள சந்துகளிலும், சேற்றில் நிற்கும் நெல்லுக்கு இயற்கை அமைத்துள்ள காற்றறைகளிலும், நீரேறும் குழாய்களிலும் தங்கிப் பெருகுகின்றன. சில தண்டு வழியாக மேலேறி இலை வரை செல்கின்றன. வேறு சில, விதையின் உள்ளேயே தங்கி அடுத்த தலைமுறைப் பயிருக்குச் சீதனமாகச் செல்கின்றன.

ஆகவே முளைக்கும் விதையைச் சுற்றியும் நாற்றின் வேரைச் சுற்றியும் எந்த நுண்ணுயிர் முதலில் திரளாக இருக்கிறதோ, அதற்கே உள்ளே இடம் கிடைக்கிறது. வீட்டில் நல்லவர் முதலில் குடியேறிவிட்டால் தீயவருக்கு இடம் குறைவு. விதை நேர்த்தியின் தத்துவம் இதுவே.

அவை செய்யும் வேலை

இந்நுண்ணுயிர்கள் பயிருக்குச் செய்யும் உபகாரம் நான்கு வகைப்படும்.

முதலாவது, நோய் உண்டாக்கும் பூசணத்தையும் பாக்டீரியாவையும் நேரே எதிர்ப்பது. சூடோமோனாஸ் புளுரசன்ஸ் என்னும் பாக்டீரியா இதில் கைதேர்ந்தது. புற ஊதா ஒளியில் வைத்தால் இது மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒளிர்வதால் இப்பெயர் பெற்றது. இது வேரின் மேலும் வேரைச் சுற்றிய மண்ணிலும் மிகுதியாக வாழ்வது. இதன் சில வகைகள் வேரினுள்ளும் தங்குகின்றன. மற்ற நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களை இது சுரக்கிறது. பூசணத்தின் உடற்சுவர், இறால் ஓட்டில் இருக்கும் கைட்டின் என்னும் பொருளால் ஆனது. அதைக் கரைக்கும் நொதியையும் இப்பாக்டீரியா உண்டாக்குகிறது. இரும்புச் சத்தைப் பற்றியிழுக்கும் ஒரு பொருளைச் சுரந்து, நோய்க் கிருமிக்கு அச்சத்துக் கிடைக்காமல் செய்வதும் உண்டு.

இரண்டாவது, பயிரின் சொந்த எதிர்ப்பு வன்மையைத் தட்டி எழுப்புவது. தலையாரி விழித்திருக்கும் ஊரில் கள்வன் நுழைவது அரிது. அதுபோல, வேரில் இப்பாக்டீரியா குடியேறிய பயிர் முன்னதாகவே ஆயத்தமாக இருந்து, நோய் இலையில் வந்து விழுந்தவுடன் தற்காப்புப் பொருள்களை விரைவாகவும் மிகுதியாகவும் உண்டாக்குகிறது. வேரில் இட்ட மருந்து இலையில் வரும் நோயைத் தடுப்பது எங்ஙனம் என்று ஐயுறுவோருக்கு இதுவே விடை.

மூன்றாவது, வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து வேரைப் பெருக்குவது. வேர் பெருகினால் நாற்று விரைவில் பச்சை பிடிக்கும். தூர் கட்டுவதும் நன்றாக இருக்கும்.

நான்காவது, காற்றிலுள்ள தழைச்சத்தைக் கிரகித்துத் தருவது, மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தருவது முதலிய உணவு வேலைகள். நம் குடியானவர் நன்கு அறிந்த அசோஸ்பைரில்லம் இவ்வினத்தைச் சேர்ந்தது. அது வேரின் மேலும் வேரைச் சுற்றியும் வாழ்வதோடு, சில சமயம் வேரினுள்ளும் புகுகிறது.

நமது ராஜ்யத்தில் நடந்த ஆராய்ச்சிகள்

இத்துறையில் தமிழ்நாடு பிற நாடுகளுக்குப் பின்தங்கியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவர இயல் உயர் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஞானமாணிக்கம், பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் மியூ என்பாருடன் சேர்ந்து, சூடோமோனாஸைக் கொண்டு குலை நோயைத் தடுக்கும் வழியை 1992இல் வெளியிட்டார். நோயைத் தடுப்பதில் அப்பாக்டீரியா சுரக்கும் ஒரு பொருளுக்குப் பங்குண்டு என்பதையும் அவர்கள் காட்டினர். பிறகு 2006இல் அதே மையத்தார், நெல் வேர்ப் பகுதியிலிருந்து எடுத்த பாக்டீரியாக்கள் பாக்டீரியா இலைக்கருகல் நோயையும் பாதிக்கு மேல் குறைத்ததைச் சோதனையில் கண்டனர்.

ஆராய்ச்சிச் சாலையில் கண்ணாடிக் குப்பியில் வளரும் பாக்டீரியாவைக் குடியானவரின் கைக்குக் கொண்டுவருவது வேறு விஷயம். திரவத்தில் வளர்த்ததை அப்படியே கொடுத்தால் சில நாளில் செத்துவிடும். கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வித்யாசேகரனும் அவர்தம் குழுவினரும் 1990க்குப் பிந்திய ஆண்டுகளில் இதற்கு வழி கண்டனர். முகத்துக்குப் பூசும் பவுடருக்கு ஆதாரமான டால்க் என்னும் மாக்கல் தூளோடு பாக்டீரியாவைக் கலந்து வைத்தால், அது பல மாதங்கள் உயிரோடு இருக்கிறது. 1995இல் இத்தூளைக் கடலையின் வாடல் நோய்க்கும், 1997இல் நெல்லின் குலை நோய்க்கும் பயன்படுத்தியதை வெளியிட்டனர். இன்று விவசாய விரிவாக்க மையங்களிலும் கடைகளிலும் கிடைக்கும் சூடோமோனாஸ் தூள் இம்முயற்சியின் பயனே. அப்பல்கலைக்கழகத்தின் பிஎஃப் 1 என்னும் வகை பெயர் பெற்றது. சூடோமோனாஸ் இட்ட நெற்பயிரில் தற்காப்பு நொதிகள் மிகுந்து இலையுறைக் கருகல் நோய் குறைந்ததை, சாமியப்பன் முதலியோர் 2001இல் காட்டினர்.

பயிரின் உள்ளே குடியேறுவதற்கு நேரான சாட்சியும் நம்மிடம் உண்டு. மணிலா அகத்தி என்னும் பசுந்தாட் பயிர் ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் தேசத்திலிருந்து வந்தது. மற்றப் பயறு வகைகளைப் போல வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முடிச்சு உண்டாவது இதன் விசேஷம். அம்முடிச்சில் வாழும் அசோரைசோபியம் என்னும் பாக்டீரியா நெல்லினுள்ளும் புகுமா என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோபாலசாமி, கண்ணையன் ஆகியோர், இங்கிலாந்திலுள்ள நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் காக்கிங் முதலியோருடன் கூடி ஆராய்ந்தனர். பக்க வேர் கிளம்பும் பிளவுகளின் வழியாக அது நுழைந்து, நெல்லின் நீரேறும் குழாய்களில் குடியேறியிருந்ததை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு பயிரின் நண்பன் மற்றொரு பயிருக்குள்ளும் விருந்தாளியாக நுழைய வல்லது என்பது இதனால் விளங்கும்.

பிற தேசங்களின் அனுபவம்

நம்மைப் போலவே ஆற்றுப் படுகையில் நெல் விளைக்கும் இரண்டு தேசங்களில் கண்டவை நமக்குப் பாடமாக உள்ளன.

எகிப்தில் நைல் நதியின் டெல்டாவில் நெல்லையும் பெர்சீம் என்னும் தீவனப் பயிரையும் மாற்றி மாற்றிப் பயிரிடும் வழக்கம் 700 ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. பெர்சீம் பயறு இனத்தைச் சேர்ந்தது. அதற்குப் பின் வரும் நெல்லுக்குத் தழைச்சத்து உரம் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாகத் தேவைப்பட்டது. பெர்சீமின் வேரும் தழையும் மக்கிக் கொடுக்கும் உரம் மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்று கண்டு ஆராய்ந்தபோது, பெர்சீமின் முடிச்சுப் பாக்டீரியாவே நெல் வேரினுள் இயல்பாகக் குடியிருந்து, நெல்லை வளர்த்து வந்தது தெரிந்தது. யானி முதலிய ஆராய்ச்சியாளர் இதை 1997இல் வெளியிட்டனர்.

நமது டெல்டாவிலும் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கும் பயிரின் ஊடே உளுந்தும் பயறும் தெளிப்பது தொன்றுதொட்ட வழக்கம். அவ்வுளுந்தைக் கைவிட்டு நிலத்தைச் சும்மா போடுவோர் நெல் விளையும் மண்ணின் நலத்தையும் யோசிக்க வேண்டும். எகிப்தில் கண்டதே இங்கும் நடக்கிறது என்று நாம் சொல்லவரவில்லை. பயிர் மாற்றத்தினால் வரும் பயன் உரக் கணக்கோடு முடிந்துவிடுவதன்று என்பதே சொல்ல வந்தது.

இரண்டாவது பாடம் சீன தேசத்தின் ஜெஜியாங் மாகாணத்தில் கிடைத்தது. ஒரே நெல் வகை, சில ஊர்களில் நாற்றுக் கருகல் நோய்க்கு இரையாயிற்று. சில ஊர்களில் அந்நோயைத் தாங்கி நின்றது. வகை ஒன்றாயிருக்கக் குணம் வேறானது ஏன் என்று விசாரித்ததில், நோய் தாங்கிய நெல்லின் விதையினுள் ஸ்பிங்கோமோனாஸ் என்னும் ஒரு பாக்டீரியா மிகுதியாக இருந்தது. அது சுரக்கும் ஒரு பொருள் நோய்ப் பாக்டீரியாவின் வீரியத்தை அடக்கிவிடுகிறது. இந்த நற்குணம் விதை வழியே தலைமுறை தலைமுறையாகச் சென்றது. இது 2021இல் வெளியான செய்தி. நோயற்ற, நன்கு விளைந்த வயலில் கதிர் பொறுக்கி விதை எடுக்கும் நம் முன்னோர் வழக்கத்தின் நியாயம் இதனால் இன்னும் வலுப்பெறுகிறது. விதை என்பது நெல் மட்டுமன்று; நெல்லோடு அதன் துணைவரும் சேர்ந்ததே விதை.

செய்ய வேண்டிய முறை

இனி, வயலில் செய்ய வேண்டியதைக் கூறுவோம். கீழ்க்கண்ட அளவுகள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசை ஒட்டியவை. ஏக்கர் கணக்கில், அதாவது ஏறக்குறைய மூன்று மா நிலத்துக்குத் தரப்பட்டுள்ளன.

1. விதை தேர்தல். நோய் காணாத வயலில் எடுத்து, நன்கு காய்ந்த விதையே வேண்டும். ஒரு பாத்திர நீரில் புதிய கோழி முட்டையைப் போட்டு, அது மேலே மிதந்து ஒரு காசளவு வெளியே தெரியும் வரை உப்பைக் கரைக்க வேண்டும். அந்நீரில் விதையைக் கொட்டி, மிதக்கும் பதரையும் அரைவயிற்று மணிகளையும் நீக்கிவிட வேண்டும். அமிழ்ந்த விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று தடவை கழுவுவது அவசியம். உப்பு மிஞ்சியிருந்தால் முளைப்பும் கெடும். பிறகு இடும் பாக்டீரியாவும் கெடும்.

2. விதை நேர்த்தி. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூளை ஒரு லிட்டர் நீரில் கலந்து, விதையை இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். ஏக்கருக்கு 24 கிலோ விதை எனக் கொண்டால் 240 கிராம் தூள் போதும். காலையில் நீரை வடித்து, விதையை ஈரச் சாக்கில் மூடி ஒரு நாள் முளைகட்டி விதைக்கலாம். வடித்த நீரை வாய்க்காலில் கொட்டாமல் நாற்றங்காலிலேயே ஊற்றிவிடுவது நலம். அசோஸ்பைரில்லத்தையும் இதே நீரில் சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றுக்கொன்று பகையில்லை.

3. நாற்றை நனைத்தல். நடவு வயலின் ஓரத்தில் 10 சதுர மீட்டர் அளவுக்கு வரப்புக் கட்டி, ஓர் அங்குல ஆழம் நீர் நிறுத்தி, அதில் ஒரு கிலோ சூடோமோனாஸ் தூளைக் கலக்க வேண்டும். பறித்த நாற்று முடிகளின் வேர் நீரில் அமிழும்படி அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு நட வேண்டும். பறிப்பில் அறுந்த வேர்வாய்கள் பசுமையாக இருக்கும் அந்த அரை மணி மிகவும் மதிப்புள்ளது. நடவாட்கள் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்பட்டு, முடிகளைத் தண்ணீரில் தோய்த்தெடுப்பதோடு நிறுத்திவிடலாகாது. காலையில் நடவேண்டிய நாற்றில் முதல் பகுதியை முன்னதாகப் பறித்து நனைத்துவிட்டால் வேலை தடைப்படாது.

4. வயலில் இடுதல். நட்ட 30ஆம் நாள், ஒரு கிலோ தூளை 20 கிலோ மக்கிய தொழு உரத்தோடோ மணலோடோ கலந்து, வயலில் சிறிது நீர் இருக்கையில் ஒரே சீராகத் தூவ வேண்டும்.

5. தெளித்தல். நோய்க்கான அறிகுறியோ, அண்டை வயலில் நோயோ கண்டால், நட்ட 45ஆம் நாளிலிருந்து 10 நாளைக்கு ஒரு முறையாக மூன்று தடவை, லிட்டர் நீருக்கு 2 கிராம் வீதம் ஏக்கருக்கு 400 கிராம் தூளை 200 லிட்டர் நீரில் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்கால் விடுவோர் நாற்றை முடியாகக் கட்டி நனைப்பதற்கு வழியில்லை. அவர்கள் விதை நேர்த்தியைத் தவறாது செய்வதோடு, 30ஆம் நாள் வயலில் இடுவதையும் விடலாகாது. கடைமடைப் பகுதிகளில் நேரடியாகத் தெளித்து விதைப்போருக்கும் இவ்விரண்டு முறைகளே உரியவை.

தவிர்க்க வேண்டியவை

பாக்டீரியாத் தூள் உயிருள்ள பொருள். அதை வெயில் படும் இடத்திலும், உரமூட்டை, பூச்சிமருந்து முதலியவற்றின் பக்கத்திலும் வைக்கலாகாது. உறையில் கண்ட காலக்கெடு கடந்ததை, விலை மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. செத்த பாக்டீரியாவை இடுவதும் வெறும் மாக்கல் தூளை இடுவதும் ஒன்றே.

பூசணக் கொல்லி மருந்தையும் இத்தூளையும் ஒரே விதைக்கு ஒன்றாகக் கலந்து இடலாகாது. இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பயன் என்று சிலர் எண்ணுகின்றனர். கிடைப்பது இரட்டிப்புச் செலவே. தாமிரம் கலந்த மருந்துகள் நோய்ப் பாக்டீரியாவோடு நல்ல பாக்டீரியாவையும் கொல்பவை. அவற்றைத் தெளித்த உடனே இதைத் தெளிப்பதில் அர்த்தமில்லை. யூரியாவோடு கலந்து தூவுவதும் தவறு.

தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி ஒரே தடவையில் கொட்டினால், இலை கரும்பச்சையாகவும் மென்மையாகவும் ஆகிக் குலை நோய்க்கு வழிவிடும். எந்தப் பாக்டீரியாவாலும் அவ்வாறு கொழுத்த பயிரைக் காப்பது கடினம். இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பிரித்து இடுவதே முறை. தொழு உரமும் பசுந்தாளும் இடாத மண்ணில் நல்ல நுண்ணுயிர்கள் நிலைத்து வாழ்வதும் அரிது.

எதிர்பார்க்கத் தக்க அளவு

இத்தூளைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்லி விற்போர் உண்டு. ஒரு முறை இட்டுவிட்டுப் பயனில்லை என்று ஒதுக்குவோரும் உண்டு. இரண்டும் பிசகு.

நோய் பற்றி எரியும் பயிரை இது மீட்காது. கழுத்துக் குலை கண்ட பிறகு இதைத் தெளிப்பது, வீடு எரிந்தபின் கிணறு வெட்டுவது போன்றது. நோய் தாங்கும் வகைக்கு இது பதிலாகாது. அதற்குத் துணையே ஆகும். சம்பா மசூரி அரிசியை விரும்புவோர், பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும்படி ஐதராபாத் ஆராய்ச்சியாளர் உண்டாக்கி 2008இல் வெளிவந்த மேம்படுத்திய சம்பா மசூரியைத் தேடி வாங்கி, அதற்கும் இந்த விதை நேர்த்தியைச் செய்தால் காவல் இரட்டிப்பாகும். தழைச்சத்து ஈட்டும் பாக்டீரியாக்கள் உரத்தின் ஒரு பகுதியை மிச்சப்படுத்தலாம். உரமே வேண்டாம் என்ற நிலையை அவை தரமாட்டா. மண், நீர், நெல் வகை, பருவம் ஆகியவற்றைப் பொறுத்துப் பயன் ஏறவும் இறங்கவும் கூடும். கண்ணாடிக் குப்பியில் ஜெயித்த பாக்டீரியா வயலில் தோற்பதும் உண்டு. ஏனெனில் அங்கே மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களோடு அது போட்டியிட வேண்டும்.

தாமே சோதித்தல்

இக்காரணத்தால் குடியானவர் ஒவ்வொருவரும் தம் வயலிலேயே இதைச் சோதித்துப் பார்ப்பது மிகச் சிறந்தது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரியான மண்ணும் ஒரே மடையும் உள்ள இரண்டு மா நிலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே மூட்டை விதையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் விதை நேர்த்தி செய்து, தனித்தனி மேடையில் நாற்று விட வேண்டும். ஒரே நாளில் நட்டு, ஒரே அளவு எருவும் உரமும் இட வேண்டும். நேர்த்தி செய்த மாவிலிருந்து மற்றதற்கு நீர் பாயாதபடி வரப்பைப் பலப்படுத்துவது அவசியம். இல்லாவிடில் பாக்டீரியா நீரோடு அடுத்த மாவுக்கும் சென்று, ஒப்பீடு பயனற்றுப் போகும்.

நாற்றுப் பறிக்கும் நாளில் இரண்டிலும் பத்துப் பத்து நாற்றை எடுத்து வேரை அலசி, நீளத்தையும் அடர்த்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கார்த்திகையில் ஒவ்வொரு மாவிலும் பத்துக் குத்துகளில் தூரை எண்ணிக் குறிக்கலாம். கதிர் வந்தபின் நூறு கதிருக்கு எத்தனை கழுத்து ஒடிந்தவை என்று எண்ண வேண்டும். அறுவடையில் இரண்டு மாவையும் தனித்தனியே அடித்து, தூற்றி, கண்டுமுதலை நிறுத்து எழுத வேண்டும். தூளுக்கும் கூலிக்கும் ஆன செலவையும், மருந்துத் தெளிப்பில் மிஞ்சிய செலவையும் பக்கத்தில் எழுதினால் லாப நஷ்டம் கணக்கிலே தெரியும். ஒரு பருவத்தின் கணக்கு மழையாலும் வெயிலாலும் மாறுபடக்கூடும். இரண்டு மூன்று பருவம் செய்து பார்த்தபின் அவரவரே முடிவு கட்டலாம்.

இதற்கு வேண்டிய தூளை, விதையை ஊறவைக்கும் நாளுக்கு முன்பே வட்டார விவசாய விரிவாக்க மையத்தில் தயாரிப்புத் தேதி பார்த்து வாங்கி, நிழலில் வைத்துக்கொள்ள வேண்டும். மேட்டூர் நீர் வந்து, உழவும் நாற்றங்காலும் ஒரே சமயத்தில் நெருக்கும் நாட்களில் இந்த வேலை மறந்துபோவது சகஜம். விதை நாற்றங்காலில் விழுந்தபின் நினைவு வந்து பயனில்லை. அடுத்த வாயில் நாற்றுப் பறிப்பன்றுதான் திறக்கும். விதை மூட்டையைப் பிரிக்கும் போதே தூள் பொட்டலமும் பக்கத்தில் இருக்கும்படி செய்துகொள்ளும் குடியானவர், சம்பாப் பயிரின் காவலை நல்ல நாளிலேயே தொடங்கியவராவர்.